ஒரு முழம் தள்ளி

புந்தா அரேனாஸ். தீர்வையில்லாக் கடைத்தெரு.
கதவைத் திறந்தால் காற்றும் கூடவே நுழைந்து
விலைப்பட்டியலைப் புரட்டிப் பார்க்கிறது.

நண்டுத் தொழிற்சாலையில் எனக்கு இரவுக் காவல்.
பகலில் தூங்கி எழுந்தால் நாலு மணி நேரம் மிஞ்சும்.
அதில் சுட்டும் சுடப்பட்டும் விளையாடுவேன்.
பெரும்பாலும் சுடப்பட்டு.
குற்றம் பழைய திரையின் மேல்தான் என்பது
பதினான்கு மாதச் சேமிப்பு எடுத்த முடிவு.

"நாலு கே," என்றேன்.
"எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள்."
யானினா சிரிக்கவில்லை.
"அத்தனை புள்ளிக்கும் நொடிக்கு அறுபது தடவை
வண்ணம் பூச வேண்டும்.
உங்கள் காசுக்கு வரும் கார்டு
முப்பதிலேயே மூச்சு வாங்கும்.
எதிரி சுட்டுவிட்டுப் போயிருப்பான்,
இது அவன் தொப்பியை வரைந்துகொண்டிருக்கும்.
சிறுபுள்ளித் திரையெல்லாம்
பெரும்புள்ளிகளுக்கு."

இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
அதே காடு, அதே மழை, செத்துக் கிடக்கும் அதே குதிரை.
"இடது, ஆயிரத்து எண்பது.
வலது, ஆயிரத்து நானூற்று நாற்பது.
ஒரு முழம் தள்ளி நின்று சொல்லுங்கள்."

வலதுதான், சந்தேகமென்ன,
ஊசியிலையை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்றேன்.

அவள் அடியில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.
"மாற்றிச் சொன்னேன். எல்லோரிடமும் சொல்வேன்."

எல்லோரும் ஏமாறுவார்களா?

"பாதிப் பேர்.
ஆனால் அவர்கள் இப்படிக்
கண்ணை இடுக்கிக்கொண்டு ஏமாறுவதில்லை."

இருபது லட்சம் புள்ளிகளோடு வெளியே வந்தேன்.
மீதிப் பணம் பையில்.
மூன்று கடை தள்ளி மூக்குக்கண்ணாடிக்காரர்.

அடுத்த வியாழன் அதை மாட்டிக்கொண்டு
நீரிணைக் கரையில் நின்றேன்.
எதிர்ப்பக்கம் மேகம் என்று நான் நினைத்திருந்தது
நிலம்.
பனி படிந்த மடிப்புகள், ஒரு கூரை, அதில் புகை.
ஒன்பது வருடம் இதே கரையில் காவல் இருந்திருக்கிறேன்.
எதைப் பார்த்து என்று கேட்காதீர்கள்.

வீட்டில் திரையைத் திறந்தால்
கயிற்றுப்பாலம் படிக்கட்டாக உடைந்திருக்கிறது.
வீரனின் தாடி ஓரம் ரம்பம்.
புள்ளிகள் தெரிகின்றன, யானினா,
இருபது லட்சமும்.

கண்ணாடியைக் கழற்றினால் பாலம் சரியாகிவிடுகிறது.
கழற்றி வைத்துப் பார்த்தேன்.
மறுபடி மாட்டிக்கொண்டேன்.

நொடிக்கு நூற்றுப் பத்து ஃப்ரேம், தடங்கலே இல்லை.
சாவதில் மாற்றமில்லை.
சுட்டவன் எந்தச் சன்னலில் நின்றான் என்று
பார்த்துவிட்டுச் சாகிறேன்.