அறுபத்தெட்டாம் தப்படி

போன மாசம் போட்ட வீடியோவில்
மூன்று எச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டினேன்.
போளூரிலிருந்து ஒருத்தர் போன் போட்டு,
"கை தெரியுதும்மா, வாய் அசையுது,
பக்கத்துல மாவு மில்லுதான் பாடம் நடத்துது" என்றார்.

குடியாத்தத்தில் பஸ் ஏறி
வேலூர் காந்தி ரோட்டுக் கடைக்கு வந்தேன்.
பலகையில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காளம்.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்
சார்ஜர் வாங்கிப்போகும் கடை.

தசரதன் கண்ணாடி மேல் மூன்றைப் பரப்பினார்.
ஒன்று புளியங்கொட்டை,
ஒன்று தீப்பெட்டியில் பாதி,
ஒன்றுக்குத் தலையில் பூனைக்குட்டி மயிர்.
காற்றடித்தால் அது வாங்கிக்கொள்ளுமாம்.
வார்னிஷையும் வாங்கிக்கொள்ளும்,
வேண்டாம் என்றேன்.

புளியங்கொட்டைக்கு முதுகில் காந்தம்.
சேலையில் ஒட்டும், துணி ஓட்டையாகாது.
என் பிழைப்பு இரும்போடு, அண்ணே.
ஸ்டேட்டர் மேல் குனிந்த நொடியில்
என்னை விட்டுவிட்டு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.
அப்புறம் அது மோட்டாரின் பேட்டி.

தீப்பெட்டியில் ஒரு பச்சைப் பொத்தான்.
அழுத்தினால் இரைச்சல் அறுந்துபோகும்.
அழுத்தினேன்.
ஆட்டோ ஹாரன் போனது, கடை ஃபேன் போனது.
சரிதான்.
ஆனால் பேரிங் தேய்ந்த மோட்டார்
கீயென்று ஒரு நூல் இழுக்குமே,
அதைக் காதால் பிடிக்கத்தானே சொல்லித்தருகிறேன்,
அதுவும் இதற்கு இரைச்சல்தானா?
தசரதன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஆஃப் பண்ணியும் வெச்சிக்கலாங்க்கா" என்றான்
ஏணி மேல் நின்ற இர்ஃபான்.

விலை மூவாயிரத்து இருநூறு.
நூறு மீட்டர் எட்டும் என்று போட்டிருந்தது.
போட்டவன் நடந்து பார்த்திருப்பானா?
மைக்கை தசரதன் சட்டையில் மாட்டினேன்.
"பேசிக்கினே இருங்க, நான் போய்ப் பாக்கறேன்."
போனில் ரிசீவர், காதில் ஒயர்,
வெயிலில் இறங்கினேன்.

பத்தாம் தப்படியில் ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினார்.
இருபதில், "ஹலோ, கேக்குதாம்மா?"
இட்லிக்கடை தாண்டும்போது
எண்ண அலுத்துவிட்டது அவருக்கு.
தன் சட்டையில் நான் இருப்பதை மறந்தார்.

"டேய், இது நமக்கு இன்னா வெலைக்கு வந்திச்சு?"
"ஆயிரத்தி எழுநூத்தம்பதுண்ணே."
"ரெண்டாயிரத்தி அறுநூறுக்குக் கீழ எறங்காத.
மோட்டார் கட்றவங்க, துட்டு இருக்கும்."

லாட்ஜ் வாசலில் நின்றுவிட்டேன்.
எக்ஸ்ரே உறையோடு ஒரு குடும்பம்
என்னை விலகிக்கொண்டு போனது.
நான் சிரித்திருக்க வேண்டும்,
அவர்கள் பிள்ளை திரும்பிச் சிரித்தது.

மறுபடி நடந்தேன்.
தசரதன் குரலைத் தாழ்த்தினார்.
தாழ்த்தி என்ன,
அவர் தொண்டைக்கு நாலு விரல் கீழே என் காது.
"பள்ளிகொண்டா வூட்டு போர் மோட்டாரு
கட்னது இந்தம்மாதாண்டா.
மூணு பேரு பழைய இரும்புக்குப் போடச் சொன்னது.
இன்னிக்கும் ஓடுது.
அதுக்கு நாந்தான் யாருன்னு நெனப்பில்ல.
அன்னிக்கி நான் பாக்கி வெச்சது..."

அறுபத்தெட்டாம் தப்படி.
நடுவில் ஒரு குப்பை லாரி.
குரல் கடுகாய்ப் பொரிந்தது,
பிறகு பொரியவும் இல்லை.
ஒரு அடி பின்னால் வைத்தேன்,
இன்னொன்று.
"...சரி சரி, வருது பாரு" என்றார்.

"எப்பிடி?"
"அறுபத்தேழு வரைக்கும் பக்கத்துல உக்காந்து பேசின மாதிரி."
"இன்னா வெலைக்குக் கேக்கற?"
"ஆயிரத்தி எழுநூத்தம்பது."

தசரதன் மெதுவாகக் குனிந்து
தன் சட்டையைப் பார்த்தார்.
சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
இர்ஃபான் ஏணியில் ஒரு படி மேலே ஏறினான்.

யாரும் ஒன்றும் பேசவில்லை.
நான் ரெண்டாயிரம் வைத்தேன்.
அவர் கல்லாவைத் திறந்து, மூடி,
திரும்பத் திறந்து,
மடித்த நோட்டுகளைப் பையோடு சேர்த்துத் தந்தார்.
"பில்லு வேணுமா?"
"வேணாம்."

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது
பிரித்து எண்ணினேன்.
இருநூற்றைம்பது வரவேண்டிய இடத்தில்
அறுநூறு.