லுணுகலை ஏற்றம்

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"
ஏறாவூர்க் கராஜில் இறங்கியதும் கேட்டேன்.
கூலருக்குள் அன்று மீன் இல்லை, ஆனாலும்
மீன்காரியின் கேள்வி அப்படித்தான் வரும்,
ஐஸ் உருகுகிற வேகத்தில்.

நிப்ராஸ் கையைத் துடைத்தான்.
"எழுத இருபது நிமிஷம், அக்கா.
வாசிக்க அரை மணித்தியாலம்.
மிச்சமெல்லாம்
எழுதலாமா எண்டு பாக்கிறதுக்கு."

லப்டொப்பை மடியில் வைத்து
ஸ்டியரிங்கிற்குக் கீழே வயரைச் செருகினான்.
ஒன்பது வருடமாய் என்னிடம் சொல்லாததையெல்லாம்
லொறி அவனிடம் எண்ணெண்ணாய்ச் சொன்னது:
எந்தச் சுற்றில் எவ்வளவு டீசல்,
எந்தச் சூட்டில் எவ்வளவு காற்று.
ஜப்பானில் யாரோ ஒருவன்
பனிக்கும் பாலைவனத்துக்கும் கலப்பட டீசலுக்கும் சேர்த்து
பயந்து பயந்து போட்ட கணக்காம்.
புல்லுமலை வெயிலை அவன் கண்டானா?

முதலில் ஓட்டிப் பார்த்தோம், செங்கலடிச் சந்திவரை.
கிறுகி வரும்போதே அவன் முகம் சரியில்லை.
"காத்து ஒழுகுது."
டேர்போவிலிருந்து போகும் குழாயில்
நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.
ஆறு மாதமாய் நான் மலையைத் திட்டியிருக்கிறேன்.
பெட்டியைக் கூட ஏற்றினாய் என்று
கிளீனர் சசிகரனைத் திட்டியிருக்கிறேன்.

"இதை மாத்தினாலே நீங்க தேடுறதில பாதி வரும்.
மத்தப் பாதிக்குத்தான் நான்."
இப்படிச் சொல்லும் ஆளிடம் காசு கொடுக்கலாம் என்று
அப்போதுதான் முடிவெடுத்தேன்.

குழாய் மட்டக்களப்பிலிருந்து வரவேண்டும்.
பஸ்ஸில் போட்டுவிட்டார்களாம்.
ஒரு பிளேன்டீ. மறுகா ஒரு பிளேன்டீ.
வாழைச்சேனையிலிருந்து போன்:
"நாளைக்குப் பாரை ஏத்துவியளா?"
"ஏத்துவம்."
"லொறி சரியா?"
"திறந்து கிடக்குது."

கேட்காமலே நிப்ராஸ் சொன்னான்:
இரண்டு மடங்கு இழுக்கும் எண்டு எவனாவது சொன்னால்
அவன் பொய்க்காரன்.
அஞ்சில ஒரு பங்கு கூடும், அதுவும் கீழ்ச் சுற்றில.
கிளச் பழசெண்டால் முதல்ல அதுதான் அழும்.
கரும்புகை வந்தால் திருப்பிக் கொண்டு வாங்க,
அது பலமில்ல, எரியாத காசு.
பழைய கோப்பு என்னட்ட இருக்கும்,
பிடிக்காட்டி அதையே திரும்ப எழுதலாம்.

என் கலியாணத்துக்கு முன்
யாரும் இவ்வளவு விளக்கமாய்ப் பேசவில்லை.

மூன்று பத்துக்கு எழுதத் தொடங்கினான்.
பற்றரிக்கு வெளியிலிருந்து கரண்ட்.
திறப்பைத் தொடக்கூடாது. கதவைக்கூட.
நூற்றுக்குப் பன்னிரண்டு. முப்பது.
அறுபத்தொன்றில் கராஜ் பல்ப் ஒருமுறை சிமிட்டியது.
நிப்ராஸ் மூச்சு விடவில்லை.
நானும்.
பாதியில் நின்றால் லொறி
தான் இன்னதென்று தெரியாத இரும்பு.
அஸர் பாங்கு முடிந்தபோது நூறு.
அவன் திறப்பைத் திருப்பினான், பிடித்தது,
முன்பு பிடித்த அதே சத்தத்தில்.
இதற்கா என்று தோன்றியது எனக்கு.

அடுத்த நாள் இரவு,
ஆயிரத்து எண்ணூறு கிலோ, பிபிலை தாண்டி
லுணுகலை ஏற்றம்.
எப்போதும் இரண்டாம் கியருக்கு இறங்கும் வளைவில்
கை தானாக லீவருக்குப் போனது.
லொறி கேட்கவில்லை.
மூன்றிலேயே ஏறியது.
சசிகரன் நித்திரை கலைந்து
"என்ன, வேற வழியாலயா போறம்?" என்றான்.

பதுளைச் சந்தைக்குப் பதின்மூன்று நிமிடம் முந்தி.
ஒரு பகலைக் கொடுத்து வாங்கியது அவ்வளவுதான்.
டீசல் மிச்சமா என்று கேட்காதீர்கள்,
என் வலது கால் இன்னும் பழையபடிதான் மிதிக்கிறது.
காலுக்கு முந்நூறு கிலோமீற்றராவது எடுக்கும், அதை
லப்டொப்பால் எழுத ஏலாது என்று
நிப்ராஸ் பில்லை நீட்டும்போது சொல்லியிருந்தான்.

கேட் இன்னும் திறக்கவில்லை.
காவலாளி கொட்டாவி விட்டான்.
வேறு வேலை இல்லாமல்
பெட்டியொன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
பாரையின் செவுளுக்கடியில்
ஐஸ், கட்டியாக.