பதினோராம் நாள் சீவாளி

வாங்கின அன்று அது வாயே திறக்காது.
தண்ணீரில் ஊறவைத்து, இரு விரலால் அமுக்கி,
ஊசி விட்டு இதழை விலக்கிக்
கால்மணி நேரம் ஊதினால்
தகரத்தைத் தரையில் இழுத்த சத்தம்.
அதோடு நிழலில் போட்டுவிட வேண்டும்.
முதல் நாளே முழு முகூர்த்தம் கேட்டால்
மூன்றாம் நாள் பிளந்துகொள்ளும்.

ஐந்தாம் நாள் மேல் ஸட்ஜம் எட்டும், முரட்டுத்தனமாக.
எட்டாம் நாள் இறங்க வரும்.
பதினொன்றில்
நான் நினைப்பதற்கும் அது பேசுவதற்கும் நடுவே
நூலளவுதான் இடம்.
அப்புறம் ஒரு இருபது கல்யாணம்.
பிறகு எச்சில் ஊறித் துவண்டு
நிஷாதத்தில் சரிய ஆரம்பிக்கும்.

தளிப் பனியில் உப்பும்.
அரூர் வெயிலில் இதழ் கவ்விக்கொள்ளும்.
வாசிக்கும் முன் காப்பி குடிக்க மாட்டேன்,
சர்க்கரை ஒட்டினால் பூஞ்சை.
வாசித்ததும் முந்தானையில் ஒற்றி, ஊசி செருகி,
துளை போட்ட பவுடர் டப்பாவில்.
கடன் மட்டும் கிடையாது.
பல் பிரஷைக் கொடுப்போமா யாருக்காவது?

வைகாசி, காவேரிப்பட்டணம்.
மண்டபத்துக்குள்ளேயே மாங்கூழ் வாடை.
எனக்கு இணை முனிரத்தினம். என் தம்பி.
பதினாறு மாமரம், ஒரு கிணறு,
நாலு வருஷமாகப் பேச்சில்லை.
சுருதி சேர்ப்பதும் தவில்காரர் சென்னகேசவன் வழியாகத்தான்:
"கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க அவங்களை."

மாலை மாற்றும்போது
ஓடிவந்த பையன் ஒருத்தன் அவன் முழங்கையில் மோதினான்.
சீவாளி நுனி சிதறிவிட்டது.
குழலில் தொங்கிய மூன்றும் புதுசு;
அவன் எப்போதும் அப்படித்தான்,
பழக்கி வைக்க மாட்டான்.
ஒன்றைப் போட்டான். தகரம்.
இன்னொன்று. அதுவும்.
தாலித் தட்டு சபையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

டப்பாவைத் திறந்து
பதினோராம் நாளை எடுத்து நீட்டினேன்.
பார்க்காமல் வாங்கினான்.
கெட்டிமேளத்தில் என் குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது.

பந்தியில், ரசத்துக்கு முன்,
தண்ணீர் பாட்டில் பக்கத்தில் ஒரு காகித மடிப்பு.
துடைத்து, உலர்த்தி, ஊசி செருகி.
நிமிர்வதற்குள் போய்விட்டிருந்தான்.

மறுநாள் தளியில் போட்டு ஊதினேன்.
கீழிதழ் இடப்பக்கம் லேசாக அமுங்கியிருந்தது.
அவன் உதட்டில் அங்கே ஒரு தழும்பு,
ஏழு வயதில் கிணற்றுமேட்டில் விழுந்தது.
எந்தக் கிணறு என்று கேட்காதீர்கள்.

என் பஞ்சமம் ஒரு இம்மி அவன் பக்கம் சாய்ந்தது.
சீவினால் சரியாகிவிடும்.
கத்தியை எடுத்தேன்,
வைகாசியில் இன்னும் நாலு முகூர்த்தம் இருக்கிறது,
ஓடட்டும் என்று
வைத்துவிட்டேன்.