நாற்பத்தேழாம் வாளி

எருசலேமுக்கு மேற்கே, குன்றின் இடுப்பில்
தகரக் கொட்டகை. வெள்ளிக்கிழமை.
காலையில் மண் விட்டுக்கொடுத்த ஓடுகள்
வாளியில் ஊறுகின்றன.

என் மேசை எலும்புகளுக்கு.
ஆடு, ஆடு, செம்மறி, மாடு, ஆடு.
பன்றி இல்லை.
இல்லை என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு,
அதையும் நிரப்பித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

எல்கானா துலக்கியைக் கீழே வைத்தால்
சண்டை ஆரம்பம் என்று அர்த்தம்.
"அரச வம்சம் என்று பொய் சொல்பவன் ஊருக்கு நூறு பேர்.
செங்கல் அறுத்த அடிமைக்குப் பிறந்தேன் என்று
எவனாவது பொய் சொல்வானா, திர்ட்சா?"

"ஆறு லட்சம் ஆண்கள்,
பெண்டு பிள்ளை, மந்தை, நாற்பது வருஷம்.
ஓர் அடுப்பு இல்லை, எல்கானா.
வெகுநாள் தங்கியதாகச் சொல்லும் ஊற்றடியிலும்
அந்தக் காலத்து மண் வெறும் மண்.
முதல் தகப்பனின் ஒட்டகங்களோ
பாரம் சுமக்கப் பழகும் முன்பே
கதைக்குள் பாரம் சுமக்கின்றன."
ஒரு ஜாடி விளிம்பை எடுத்து வெயிலில் காட்டினாள்.
"பள்ளத்தாக்கில் கானானியன் வனைந்த அதே கை.
நாம் எங்கிருந்தும் வரவில்லை.
கீழேயிருந்து மேலே ஏறினோம், அவ்வளவுதான்."

நான் இருவருக்கும் நடுவே ஒரு தாடை எலும்பைத் துடைத்தேன்.
எங்கள் பெயர் முதன்முதலில் வருவது
எகிப்தியன் நட்ட ஒரு கல்லில்.
அதுவும் மரண அறிவிப்பாக:
ஒழிந்தார்களாம், விதைகூட மிஞ்சவில்லையாம்.
கல்லும் பொய் சொல்லும்,
ஆழமாகச் செதுக்கிச் சொல்லும்.

"உம் ராக்குபாவில் தோண்டினால் என்ன கிடைக்கும்?"
வூபித்தான் கேட்டாள், வாளியிலிருந்து தலை தூக்காமல்.
மூன்று பருவமாக எங்கள் ஓடுகளைக் கழுவுகிறவள்.

"கோந்தாரிலிருந்து நடந்தோம். எனக்கு ஏழு வயது.
பகலில் புதர், இரவில் வழி.
அடுப்புச் சாம்பலை மண்போட்டு மூடிவிட்டுத்தான்
அடுத்த அடி. பின்னால் ஆள் வரக்கூடாதே.
சூடானில் முகாம். அங்கே தங்கை போனாள்.
தெரெஃபெச். பிழைத்தவள் என்று அர்த்தம்.
அப்பா ராத்திரியில் புதைத்தார்.
கல் வைக்கவில்லை,
வைத்தால் நாங்கள் யாரென்று தெரிந்துவிடும்.
பிறகு மழை."

எல்கானாவின் முகம் விளக்கேற்றினாற்போல் ஆனது.
"கேட்டாயா, திர்ட்சா..."

"உனக்காகச் சொல்லவில்லை," என்றாள் வூபித்.
"நாங்கள் ஆறு லட்சம் பேர் இல்லை.
கடல் எதுவும் பிளக்கவில்லை.
லாரி வந்தது. டிரைவர் லஞ்சம் வாங்கினான்.
இங்கே இறங்கியதும் ஒரு குமாஸ்தா
என் பெயரை யாஃபா என்று எழுதினான்.
அதற்குக் காகிதம் இருக்கிறது, முத்திரையோடு.
தங்கைக்கு ஒன்றுமில்லை.
இரண்டில் எது நடந்தது?"

துலக்கிகள் நின்றன.
"அதனால் மட்டும்," திர்ட்சா மெதுவாக,
"அந்தக் கதை நடந்ததாக ஆகிவிடாது."

"தெரியும்."

நடக்கவில்லை என்றும் ஆகாது என்று
அவள் சொல்வாள் என எதிர்பார்த்தோம்.
அவள் சொன்னது வேறு:
"பஸ்கா இரவில் என் அம்மா
பார்வோனுக்கு அடுத்து அந்த டிரைவரைத் திட்டுவாள்.
இப்போது என் மகன் சொல்கிறான் கதையை.
அவன் சொல்லும்போது
தெரெஃபெச் ஆற்றைத் தாண்டிவிடுகிறாள்.
நான் திருத்துவதில்லை."

ஓய்வுநாளுக்கு எல்கானா சட்டை மாற்றப் போனான்.
வாளித் தண்ணீர் கலங்கியே கிடந்தது.
திர்ட்சா பென்சிலை எடுத்தாள்.
"முகாமில் எந்தப் பக்கம்?"

"மாட்டுக்கொட்டில் ஓரம். ஒரு வேலமரம்.
இப்போது இருக்காது."

ஓடுகளுக்குக் கட்டும் அட்டையில் அதை எழுதினாள்,
கொட்டில், வேலமரம், வயது மூன்று.
நூலை முடிந்தாள்.
எந்த வாளியில் கட்டுவதென்று தெரியாமல்
வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.