பத்து பத்து

நுவரெலியாவில் சீசன்.
கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாக் கடிகாரமும்
பத்து மணி பத்து நிமிடம்.
அப்படி வைத்தால் முகம் சிரிக்குமாம்.

இது மட்டும் முகம் காட்டாது.
நீலக்கல் பதித்த பூ ஒன்று.
இதழை நகத்தால் நெம்பினால்
உள்ளே சட்டைப் பொத்தானளவு நேரம்.
விருந்தில் பெண் மணி பார்ப்பது
மரியாதைக் கேடாயிருந்த காலத்தில்
அந்த நகைவீடு ஒளித்துவைத்தது என்று
வருகிறவர்களிடமெல்லாம் ஒரே குரலில் ஒப்பிக்கிறேன்.

அம்மா கொழுந்தெடுக்கும் மலையிலும்
மணி பார்த்தால் கங்காணி கத்துவார்.
அதற்கென்று யாரும் அங்கே பூ செய்யவில்லை.

கொழும்பு நோனா மணிக்கட்டை நீட்டினாள்.
"ஓடுமா?"
திருகைச் சுழற்றிச் சரியான நேரம் வைத்தேன்.
காதில் வைத்துப் பார்த்தேன், முதலில் என் காதில்:
தகரத்தில் தூறல் விழத் தொடங்குகிற சத்தம்.
விலை சொன்னேன்.
"மஹத்தயாவோடு வாறேன்," என்று
இதழை மூடிப் போனாள்.

வேலை நேரத்தில் எங்களுக்கு
கைக்கடிகாரம் கூடாது, போன் கூடாது.
ஜயசுந்தர சேர் கல்லாவில் குனிந்திருக்க
துணியால் துடைப்பதுபோல்
பூவை லேசாகத் திறந்தேன்.

ஐந்து இருபது.
ராகலை பஸ்ஸுக்கு
இன்னும் பத்து நிமிடம்.