மான் தின்ற முகவரி

தலைமை அலுவலகச் சுவரில்
கம்பெனியின் வரலாறு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.
பாயும் புள்ளிமான். கீழே
'வேகத்தில் பிறந்தோம்.'
எழுதியவன் கொழும்பிலிருந்து வந்த பொடியன்.
என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு மேசையில் பிறந்தோம்,
திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர் ஒட்டுகிற கடையின் பாதி நிழலில்.
தவபாலனிடம் ஒரு சைக்கிள்,
நவ்பரிடம் மூதூர் லாஞ்சிக்காரரின் சினேகிதம்,
என்னிடம் விளங்குகிற கையெழுத்து.

பாலம் வராத காலம்.
கிண்ணியாவுக்குப் பாதை, மூதூருக்கு லாஞ்சி,
இரண்டுக்கும் முன்னால் சென்றி.
எல்லாப் பொதியையும் அவிழ்ப்பார்கள்.
ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சை நான் பழகினேன்.
அவிழ்த்த ஆமிக்காரன் ஒருவன்
திரும்பக் கட்டுவது எப்படி என்று கேட்டுப் பழகினான்.
பிறகு எங்கள் வரிசை கொஞ்சம் கெதியாய் நகர்ந்தது.
வேகம் என்றால் அதுதான்.

நீரிறைக்கும் மெசின் பெல்ட், மூக்குக்கண்ணாடி,
ஐஸ் போத்தலுக்குள் இன்சுலின்,
லாஞ்சி ஆட ஆட நவ்பர் மடியில் வைத்திருப்பான்.
தம்பலகாமத்துத் தயிர்ச்சட்டி எடுக்கமாட்டோம் என்றோம்.
எடுத்தோம். உடைத்தோம். காசு கட்டினோம்.

மான் வந்தது டிசம்பரில்,
ஒரு வெள்ளிக்கிழமை பத்தரைக்கு.
எங்கள் ஊர் மான்களைத் தெரியும்தானே,
பிளேன்டீக் கடை வாசலில் வாடிக்கையாளர் போல நிற்கும்,
பழத்தோலுக்கும் கடதாசிக்கும் வித்தியாசம் பார்க்காது.
பேனை உருண்டதென்று நான் குனிந்தேன்.
நிமிர்வதற்குள்
பொதியில் ஒட்டிய தாளும்
ரசீதின் அடிக்கட்டையும் அதன் வாய்க்குள்.
மட்டையின் மூலையில் சிவப்பு மையில்
ஒரு சொல் மட்டும் மிச்சம்:
அவசரம்.

அனுப்பியவர் விசாரிக்க வருவார், கேட்டு எழுதலாம் என்றிருந்தோம்.
சனி வரவில்லை.
ஞாயிறு கடல் வந்தது.

அதன் பிறகுதான் வளர்ந்தோம், சட்டத்துக்குள் அது இல்லை.
ஆளுக்காள் எதையாவது அனுப்பினார்கள்:
சீலை, பால்மா, பள்ளிக்கூடச் சப்பாத்து,
பிறப்புச் சான்றிதழின் பிரதி, பிரதியின் பிரதி.
பாதி முகவரிகளில் வீடு இல்லை.
முகாம் முகாமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு
தவபாலனுக்குத் தொண்டை போனது.
மாதம் முடிய ஓட்டோ வாங்கினான்.
அந்த ஓட்டோவைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பிறகு வான், லொறி.
பாலம் திறந்த அன்று
பாதையில் வேலை போன நான்கு பேரைச் சேர்த்தோம்.
இப்போது நாற்பத்தொரு கிளை.
கந்தளாய்க் களஞ்சியத்தில் பிள்ளைகள்
பீப் பீப் என்று பொதிகளைச் சுடுகிறார்கள்,
புல்மோட்டைக்கு இறால் வலை போய்ச் சேர்வது
கனடாவில் இருப்பவருக்கும் போனில் தெரிகிறது.

தொண்ணூறு நாள் தாண்டியதை அகற்று என்கிறது கணினி.
இந்தப் பொதி கணினிக்குத் தெரியாது.
ஒரு இழுப்புப் போதும், முடிச்சு என்னுடையதுதான்.
கணக்காய்வாளர் வந்தால்
என் சாப்பாட்டுப் பையை அதன் மேல் வைப்பேன்.

நேற்றுத் தூசி தட்டினேன்.
சிவப்பு மறுபடி மங்கியிருந்தது.
பேனை எடுத்து அதன் மேலேயே எழுதினேன்,
ஆறாம் தடவை,
அவசரம்.