ஐம்பது லிட்டருக்கு ஒரு மூடி

துக்ம் என்று சொன்னால்
வீட்டில் துக்கம் என்று கேட்கிறது.
ஓமன் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஊரைவிட்டு வெளியேறும் பங்க்கில்
கல்லாவுக்குப் பின்னால்
சிகரெட்டுக்கும் சார்ஜர் வயருக்கும் நடுவே
அந்த நீலப் புட்டிகள்.
ஐம்பது லிட்டர் டீசலுக்கு ஒரு மூடி.
ஒரு ரியால் எண்ணூறு பைசா,
என் கைக்காசு.

ஊற்று என்கிறான் குல் ஜமான்.
கழற்றிய இன்ஜெக்டர் நான்கையும்
சாக்கின்மேல் பரப்பி
மூக்கில் படிந்த கரியைக் காட்டுகிறான்,
பல் டாக்டர் எக்ஸ்ரே காட்டுவதுபோல.

ஊற்றாதே என்கிறார் அர்பாப் ஹமூத்.
வண்டி செய்தவனுக்குத் தெரியாததா
புட்டி செய்தவனுக்குத் தெரியப்போகிறது?
நியாயமான கேள்வி.
ஆனால் வண்டி செய்தவன்
ஏற்றச் சொன்னது ஒரு டன்.
அர்பாப் ஏற்றுவது ஒன்றே முக்கால்,
ஐஸ் தனி.

சூசைமாணிக்கம் யாரையும் கேட்காமல் ஊற்றுகிறான்.
ஊற்றிய நாளில் வண்டி முனகுவதில்லையாம்.
அவன் காது நல்ல காது.
சம்பளம் விழுந்த நாளிலும்
வண்டி முனகுவதில்லை என்று
அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

நான் கணக்கு வைக்கிறவன்.
டேஷ்போர்டில் நாற்பது பக்க நோட்டு.
துக்மிலிருந்து சினாவ் சந்தை வரை
ஊற்றாமல் ஆறு நடை,
ஊற்றி ஆறு நடை.
லிட்டருக்கு ஒன்பது புள்ளி இரண்டு.
லிட்டருக்கு ஒன்பது புள்ளி ஏழு.
அரைக் கிலோமீட்டர்!
குல் ஜமானுக்கு அன்றைக்கே
சாயாவும் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தேன்.

ராத்திரி படுத்தபிறகு உறைத்தது.
ஊற்றிய ஆறு நடையும்
கரீஃப் காற்று
பின்னாலிருந்து தள்ளிய வாரங்கள்.
சாளையும் பாதிதான் விழுந்தது.
பரோட்டாக் காசைத் திரும்பக் கேட்கவா முடியும்?

பிறகு ஆகஸ்டில்
மஹூத் தாண்டி நாற்பதாவது கிலோமீட்டரில்
இரண்டு முறை இருமி நின்றது வண்டி.
மூடிக் கணக்குப்படி
ஊற்றித்தான் இருந்தேன்.
பின்னால் பெட்டியில் ஐஸ் இறங்குகிற சத்தம்.
ரோட்டில் ஒட்டகம்கூட இல்லை.

பானெட்டைத் தூக்கி
ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி
காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன்.
கொஞ்சம் நிற்கவிட்டு
வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தால்
மேலே டீசல், தேன் நிறம்.
கீழே இரண்டு விரற்கடை தண்ணீர்.
நடுவில் ஒரு கோடு
ரூல்தடி வைத்துப் போட்டதுபோல.

மலிவாகக் கிடைக்கிறதென்று
அர்பாபின் தம்பி
பீப்பாயில் வாங்கிவைத்த டீசல் அது.
என் தப்பும் உண்டு.
அந்தத் திருகு அங்கேயேதான் இருந்தது,
ஒன்றரை வருஷமாக
நான் பார்த்ததெல்லாம் நீலப் புட்டியை.

கைப்பம்பை அமுக்கி அமுக்கி
கட்டைவிரல் மரத்துப்போனது.
மூன்றாவது சாவிக்கு
வெள்ளையாய்ப் புகைத்தது,
பிறகு கறுப்பாய்,
பிறகு ஓடியது.
மீன் தப்பியது என்று சொல்லமுடியாது.
சினாவில் பாதி விலைக்குப் போனது.
மீதிப் பாதி என் சம்பளத்தில்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும்
திருகைத் திறந்து இறக்குகிறேன்.
செலவில்லை. முழங்காலில் மணல் ஒட்டும்.
ஊற்றலாமா கூடாதா என்று
யாராவது கேட்டால்
முதலில் இறக்கு என்கிறேன்.
கேட்டவர் முகம் வாடுகிறது.
வாங்குவதற்கு ஏதாவது சொல்லியிருக்கலாம் நான்.

போன வாரம் சூசைமாணிக்கம் வந்து
ஒரு மூடி இருக்குமா என்றான்.
தீர்ந்துவிட்டது என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை.
கதவைச் சாத்தினேன்.
சீட்டுக்குப் பின்னால்
கால் புட்டி தளும்பியது.
அவன் ஒன்றும் சொல்லாமல் போனான்.
அவன் காது
நல்ல காது.